6-ஆம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை: என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

கேள்வி இது: "தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மகன் இந்த வருடம் 6-ஆம் வகுப்பு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரவில்லை. ஆனால் வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்கிறான். திரும்ப 5-ஆம் வகுப்பிலேயே உட்கார வை என்கிறார் ஒருவர், சிறப்புப் பள்ளியில் சேர் என்கிறார் இன்னொருவர், படிப்பு வராது, கடலுக்கு அனுப்பு என்கிறார் மாமனார். நான் என்ன செய்ய?"

மூன்றுமே வேண்டாம். உங்கள் மகன் 6-ஆம் வகுப்பிலேயே இருக்கட்டும். அங்கே இருந்துகொண்டே, அவனுக்கு எந்தப் படி உடைந்திருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் தினமும் 40 நிமிடம் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். "வாயால் கேட்டால் சொல்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் அதைத்தான் முக்கியமான செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

6-ஆம் வகுப்பில் ஏன் திடீரென்று தெரிகிறது? 5 வரை ஒரே ஆசிரியர் நாள் முழுக்க உடன் இருப்பார். பிள்ளை வாசிக்காவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லவைத்து நகர்த்திவிடுவார். 6-இல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் மாறிவிடுவார்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டமும் தொடக்க வகுப்புகளுக்குத்தான், 1 முதல் 5 வரை. நீங்கள் விடியுமுன் மீன் இறங்குதுறைக்குப் போகிற வீடு என்றால் பையன் வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருப்பான். மதியச் சத்துணவு வரும்வரை முதல் நாலு பாடவேளையும் பசியில்தான் போகும். பழைய சோறோ இட்லியோ, முதல் நாள் இரவே ஏற்பாடு செய்துவிடுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் செலவாகிறது, பசி அதைத்தான் முதலில் தின்னும்.

அடுத்து, கண்ணும் காதும். இந்த இரண்டையும் பார்க்காமல் "கற்றல் குறைபாடு" என்ற வார்த்தையை யாரும் எடுக்கக்கூடாது. கடைசி வரிசையிலிருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறானா, பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். 6 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். காதைப் பொறுத்தவரை, கடலிலும் ஊருணியிலும் முங்கி விளையாடும் பிள்ளைகள் இங்கே அதிகம். காதில் சீழ் வந்து, காய்ந்து, மறுபடி வருவதைப் பலரும் பெரிதாக எடுப்பதில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவனுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, தட்டு, பட்டு, கட்டு, மட்டு என்று கிசுகிசுத்துச் சொல்லுங்கள். அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் காது மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றது.

பிறகு, எத்தனை நாள் பள்ளிக்குப் போயிருக்கிறான் என்ற கணக்கு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. இப்போது நடுநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது எழுத்துப் பழக வேண்டிய வயது. அதோடு காய்ச்சல், குடும்பத்தோடு வெளியூர் போனது, ஐப்பசி கார்த்திகை மழை என்று சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடப் பாடம் காணாமல் போயிருக்கும். பாடம் கிடைக்காமல் பின்தங்குவதும், பாடம் கிடைத்தும் எழுத்து பிடிபடாமல் போவதும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். முறையாகச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் வித்தியாசம் புரியும். முதல் வகைப் பிள்ளை 6 முதல் 8 வாரத்தில் தாவி வந்துவிடுவான். இரண்டாம் வகைப் பிள்ளை அதே பாடத்தில் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்வான். அவனுக்குத்தான் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உடைந்த படி எது என்று கண்டுபிடிக்க 20 நிமிடம் போதும். 2-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று, அவனுடைய 6-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகம், ஒரு நோட்டு, மணி பார்க்க செல்போன். நன்றாக வாசிக்கத் தெரிந்த அக்காவோ சித்தியோ உட்காரட்டும்.

2-ஆம் வகுப்புப் புத்தகத்தில் அவன் பார்த்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை சொல் வாசித்தான், எத்தனை தவறு என்று குறியுங்கள். 100 சொல்லுக்கு 5 தவறுக்குள் இருந்தால் அந்தப் புத்தகத்தில் வைத்துக் கற்பிக்கலாம். 10-ஐத் தாண்டினால் அது அவனுக்குக் கனம், ஒரு படி கீழே இறங்குங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் வேண்டும் என்று ஆங்கிலத்துக்காகப் போட்ட அட்டவணைகளைத் தமிழுக்கு வைத்துப் பார்க்காதீர்கள். "வீட்டிலிருந்துதான்" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நாலு சொல் வேண்டும். அவனுடைய போன வார எண்ணிக்கையோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் போதும்.

தவறு எந்த இடத்தில் என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். எழுத்தே தெரியவில்லையா, குறில் நெடில் மாறுகிறதா, சொல்லின் முதல் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறானா? ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேச்சில் நம் எல்லோருக்குமே அது கலந்துதான் வருகிறது, எழுத்துப்பிழையாகப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, அறிவியல் பாடத்தில் அரைப் பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். காதால் கேட்டுச் சரியாகச் சொன்னால் அவன் அறிவில் குறை இல்லை, கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில்தான் முடிச்சு. உங்கள் விவரத்தைப் பார்த்தால் உங்கள் மகன் இந்த வகையாகத்தான் தெரிகிறான். கேட்டும் புரியவில்லை, வீட்டில் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறந்துவிடுகிறான், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடுதான் விளையாடுகிறான் என்றால் பாதை வேறு. அங்கே மருத்துவ மதிப்பீட்டை முதலிலேயே கேட்க வேண்டும்.

இனி கற்பிக்கும் முறை. தமிழில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, குறிகள் சில. இவை பிடிபட்டால் உயிர்மெய் 216-உம் தானாக வரும். ஆனால் எல்லாக் குறியும் ஒரே அளவு கடினம் இல்லை. துணைக்கால் (கா), இகரம், ஈகாரம் (கி, கீ) மூன்றும் எளிது, எழுத்துக்கு வலப்புறமோ மேலேயோ ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒரு வாரம். அடுத்து உகரம். இங்கேதான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள், ஏனென்றால் உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. வடிவம் ஒத்தவற்றைக் கூட்டாகப் பழக்குங்கள்: சு, பு, யு, வு ஒரு கூட்டம், கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், து, நு, லு, னு, ணு, று ஒரு கூட்டம். நெடிலில் கூ, சூ இரண்டையும் தனியாக வைத்துப் பழக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் ஆடும்.

கடைசியில் கொம்பு. "கொக்கு" என்ற சொல்லை அவன் கண்ணால் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போனால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாயில் முதலில் வர வேண்டியதோ க என்ற மெய்யின் ஒலி. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது, அதுவும் துணைக்காலையும் பார்த்த பிறகுதான் எ-வா ஒ-வா என்று முடிவாகிறது. அதனால் பிள்ளை "கெ..." என்று தொடங்கி, துணைக்காலைப் பார்த்ததும் நின்றுவிடுவான், அல்லது "கெக்கு", "காக்கு" என்று எதையோ சொல்லித் தப்பிப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. பழைய நோட்டு அட்டையில், ஒரு முழு எழுத்து மட்டும் தெரிகிற அளவுக்குச் சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். அந்த ஓட்டையைச் சொல்லின் மேல் நகர்த்தி, கொம்பும் எழுத்தும் காலும் சேர்ந்த "கொ" முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுங்கள். கெ, கே, கொ, கோ நான்கையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பெ, பே, பொ, போ. ஒரு நாளைக்கு இரண்டு மெய்க்கு மேல் வேண்டாம்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: நேற்று வாசித்ததையே மறுபடி வாசிக்க 5, எழுத்துச் சீட்டு 10, சீட்டுகளைச் சேர்த்துச் சொல்லாக்க 10, புதுப் பத்தி 10, காதால் கேட்டு எழுத 5. வாரம் 5 நாள். சொற்கள் அவன் வாயில் புழங்குவதாக இருக்கட்டும்: வலை, துடுப்பு, நங்கூரம், சூடை, கணவாய், நெத்திலி, பாறை. நெத்திலியில் கொம்பு வருகிறது, சூடையில் சூ வருகிறது, துடுப்பில் உகரம் மூன்று கூட்டத்திலும் வருகிறது. பாடப்புத்தகத்தின் நீளமான சொற்களைப் பென்சிலால் வெட்டிக் காட்டுங்கள்: ஒளி/சேர்க்கை, நாடாளு/மன்ற/த்தில். நீளத்தைப் பார்த்துத்தான் பாதிப் பயம்.

பத்து முறை பார்த்து எழுதச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுத்தைப் படமாகப் பார்த்து வரைய முடிகிற பிள்ளை ஒலியே தெரியாமல் பத்துப் பக்கம் அழகாக எழுதிவிடுவான். நோட்டு நிறைந்திருப்பதால் பெற்றோரும் பள்ளியும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்தை முதல் 12 வாரம் காதோடும் வாயோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்து முறையை ஒரே நேரத்தில் முதலிலிருந்து தொடங்கினால் இரண்டும் அரைகுறையாக நிற்கும். இதை ஆங்கில ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் அவன் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்.

கணக்குக்கு வருவோம். 52-இல் 27 போக எவ்வளவு என்று கொடுங்கள். 35 என்று எழுதுகிறானா? அப்படியானால் அவன் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான், 7-லிருந்து 2, 5-லிருந்து 2. ஐம்பத்திரண்டை ஓர் எண்ணாகப் பார்க்காமல் இரண்டு தனி எண்ணாகப் பார்க்கிறான் என்று பொருள். "கடன் வாங்கு" என்று நூறு முறை சொன்னாலும் இது மாறாது. பனை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். 5 கட்டு, 2 உதிரி. அதிலிருந்து 7 உதிரி கொடு என்றால் கையில் இல்லை, ஒரு கட்டை அவனே அவிழ்க்க வேண்டும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. 7 போனால் 5, இரண்டு கட்டுப் போனால் 2 கட்டு. 25. இரண்டு வாரம் ஈர்க்கு, அடுத்து ஒரு வாரம் கட்டுக்குக் கோடும் உதிரிக்குப் புள்ளியும் போட்டுப் படம், அதன் பிறகே வெறும் எண். ஈர்க்கிலிருந்து நேராக எண்ணுக்குத் தாவினால் பழைய தவறு திரும்பி வந்துவிடும். வாய்ப்பாடு மனதில் நிற்காத பிள்ளைக்கு வாய்ப்பாட்டு அட்டையைப் பக்கத்தில் வைக்க விடுங்கள். 6-ஆம் வகுப்புப் பின்னத்தை அவன் புரிந்துகொள்ள வாய்ப்பாடு குறுக்கே நிற்கக்கூடாது.

இந்த 40 நிமிடத்துக்காக அறிவியல், சமூக அறிவியல் வகுப்பிலிருந்து அவனை வெளியே எடுக்கவே கூடாது. வாசிப்பு தேறும்போது பாடம் போயிருக்கும், 8-ஆம் வகுப்பில் இரட்டைச் சுமையாக வந்து நிற்கும். மாலையோ மதிய இடைவேளையின் பிற்பகுதியோ பாருங்கள். வகுப்பில் அவன் காதால் படிக்கட்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் விரைவுக்குறியீட்டை (QR) செல்போனில் திறந்தால் வரும் காணொளியை முதல் நாளே பார்த்துவிட்டுப் போகட்டும். அக்கா பாடத்தை வாசித்துச் செல்போனில் பதிவு செய்துகொடுத்தால் இன்னும் நல்லது. நாளைய பாடத்தின் ஐந்து சொல்லை முன்கூட்டியே அவன் அனுபவத்தோடு கட்டிவிடுங்கள். ஆவியாதல் என்றால் வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியில் நிற்கும் தண்ணீர் போய் உப்பு மிஞ்சுவதும், மணலில் காயப்போட்ட கருவாடும். இதை அறிந்த பிள்ளை வகுப்பில் கை தூக்குவான், அந்தக் கை தூக்கல் அவனுக்கு மிகவும் தேவை.

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எட்டுக் கேள்வி வீட்டுப்பாடம் என்றால் அவனுக்கு மூன்று போதும், ஆனால் எளிதான மூன்றாக இருக்கக்கூடாது, முக்கியமான மூன்றாக இருக்கட்டும். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், அல்லது எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடட்டும். வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று மதிப்பெண் இருக்கும்போது, செயல்பாட்டுப் பகுதியை வாய்மொழியாகவும் மாதிரி செய்தும் காட்ட இடம் உண்டு. அதை இவனுக்காகப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பள்ளியில் யாரைப் பார்ப்பது? முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர். அரசுப் பள்ளி என்றால், 2025-26-இல் 6 முதல் 9 வகுப்புகளுக்குத் தொடங்கிய திறன் திட்டத்தின் பட்டியலில் மகன் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்கான தனிப் பயிற்சி அது. அடுத்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வட்டார வள மையம் உண்டு, சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஒருவர் பல பள்ளிகளைப் பார்ப்பதால் தினமும் வர முடியாது. அவர் வந்து சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். அவரிடம் கேட்க வேண்டியது தனிநபர் கல்வித் திட்டம், அதுவும் எழுத்தில்: மூன்று மாதத்தில் எட்ட வேண்டிய இரண்டு மூன்று இலக்கு, யார் கற்பிப்பது, எப்போது பார்ப்பது. "வாசிப்பு மேம்பட வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. "கொம்பு எழுத்து வரும் 20 சொல்லில் 18-ஐத் தவறின்றி வாசிப்பான்" என்பது இலக்கு. சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர் என்று எமிஸ் பதிவில் (பள்ளி மாணவர்களின் இணையப் பதிவேடு) ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெயர் இல்லாவிட்டால் மருத்துவ முகாம் அழைப்பும் உதவிகளும் உங்களைத் தேடி வராது.

5-ஆம் வகுப்பில் திரும்ப உட்கார வை என்றவருக்குப் பதில்: கல்வி உரிமைச் சட்டம் 2009 வயதுக்கேற்ற வகுப்பைச் சொல்கிறது, தமிழ்நாட்டில் 8 வரை நிறுத்திவைப்பதும் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பலன் தராத அதே பாடத்தை இன்னொரு வருடம் அதே முறையில் கொடுப்பதால் என்ன மாறும்? சிறப்புப் பள்ளி, சைகை மொழியோ பிரெயிலோ தேவைப்படும் பிள்ளைகளுக்கும், அன்றாட வேலைகளுக்கே முழு உதவி வேண்டிய சிலருக்கும் பொருத்தமாக இருக்கும். வாசிப்பு மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு அது தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரித்த 21 வகையில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதை விரைவில் கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளியில் பேசும்போது சண்டை வேண்டாம், ஆனால் இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது முடிந்து படகுகள் இறங்குகிற அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது. படகுக்கு ஆள் தேவை, பையனுக்குப் பள்ளி கசக்கிறது. 7, 8-ஆம் வகுப்புப் பையன்கள் நழுவுவதற்கு இதைவிட வசதியான வாரம் இல்லை. அதனால் தடைக்காலத்தை உங்களுக்குச் சாதகமாக்குங்கள். அப்பா வீட்டில் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில் தினமும் அரை மணி வாசிப்பு விடாமல் நடக்கட்டும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லக் கேட்கலாம், ஈர்க்குக் கட்டு போட்டுக் கொடுக்கலாம். ஜூன் முதல் வாரமே தலைமை ஆசிரியரை அப்பாவும் சேர்ந்து போய்ப் பார்க்கட்டும். பெற்றோர் கூட்டத்தையும் படகு போகும் நாளும் மறுநாள் காலையும் தவிர்த்து வைக்கும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்பதால் இதைக் கணக்குப் போடுவது எளிதுதான்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கடைசியாக. மேலே சொன்ன எதற்கும் சான்றிதழ் தேவையில்லை, அது வரட்டும் என்று கற்பிப்பதை ஒருநாளும் தள்ளாதீர்கள். ஆனால் 12 வாரம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் அங்குலக் கணக்கில்தான் நகர்கிறான் என்றால் மதிப்பீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமில் காட்டி, அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள். இந்த மதிப்பீட்டுக்கு மருத்துவ உளவியலாளர் வேண்டும், ஒரே நாளில் முடியாமல் போகலாம், வேலை நாள் கணக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்புச் சோதனை தமிழில் நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கையில் எடுத்துப் போக வேண்டியவை: அவன் சொந்தமாக எழுதிய நோட்டு (பார்த்து எழுதியது வேண்டாம்), இரண்டு வருட மதிப்பெண் பட்டியல், வகுப்பாசிரியரின் கடிதம், தேதி போட்டு நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை தவறு என்று நீங்கள் குறித்த நோட்டு. இந்த நாலாவதுதான் உளவியலாளருக்கு மிகவும் உதவும், பெரும்பாலும் யாரும் கொண்டுபோவதில்லை.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சட்டப்படியான முழு உரிமைகள் கிடைக்கும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 14 என்பது 9-ஆம் வகுப்பு வாக்கில் வரும். 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைப் பள்ளி மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கேட்டுப் பெற அந்தப் புதுச் சான்றிதழ்தான் வேண்டும். அதனால் 8-ஆம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொழிப்பாட விலக்கை மட்டும் யோசித்து எடுங்கள், பின்னால் அவன் சேர நினைக்கும் படிப்புக்கு அந்த மொழி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு.